சிப்புக்குச் சொல்லவேண்டிய பதில்

கம்ப்யூட்டர் வேகமானது என்று ஒரு நம்பிக்கை இந்த நாட்டில் பரவியிருக்கிறது சார். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. யாராவது ஒருவர் இதைத் திருத்தியாக வேண்டும். அன்னூர் வருவதற்குள் நானே திருத்திவிடுகிறேன். கம்ப்யூட்டர் வேகமானது அல்ல. அது காத்திருக்கிறது. தன் ஆயுளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை எதற்காவது காத்துக்கொண்டு உட்கார்ந்தே கழிக்கிறது. ஆகவே ஒரு பொறியாளனை எடைபோட வேண்டுமானால் அவன் அதை எவ்வளவு வேகமாக ஓட வைக்கிறான் என்று பார்க்கக் கூடாது. எவ்வளவு நாகரிகமாகக் காத்திருக்க வைக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

பையை இப்படிக் கொடுங்கள், காலடியில் வைத்துவிடலாம். கோயமுத்தூர் வரைக்கும்தானே? நல்லது.

காத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. ஹோட்டலில் தோசை சொல்கிறீர்கள். சொல்லிவிட்டு அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சமையல்கட்டு வாசலில் போய் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கலாம். எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் போலிங். அல்லது உங்கள் இடத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பார்க்கலாம். தோசை தயாரானதும் மாஸ்டர் மணியடிப்பார். அது இன்டரப்ட். முதல் வகை ஆட்களோடு நான் ஒரே மேஜையில் உட்காருவதில்லை.

இந்தக் காத்திருப்பை ஒழுங்குபடுத்துவதுதான் என் தொழில். ஒரு கருவிக்குள் இருக்கும் சிப்பும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வதற்கு நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதை எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். எங்கள் நிறுவனம் பால் சங்கங்களுக்கு ஓர் இயந்திரம் செய்கிறது. பாலை ஊற்றினால் எடை பார்க்கும், கொழுப்பு பார்க்கும், சீட்டு அடித்துக் கொடுக்கும். அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணை யாரும் பின்னால் மாற்றிவிடக் கூடாது அல்லவா? அதற்காக உள்ளே ஒரு செக்யூரிட்டி சிப் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தில் பாதி இருக்கும். ஒவ்வொரு சீட்டுக்கும் அது ஒரு கையெழுத்துப் போடும். அந்தக் கையெழுத்து இல்லாத பாலை டேங்கர் ஏற்றாது. கையால் எழுதிக் கொடுத்தாலும் ஏற்றாது. அதுதான் திட்டத்தின் முழு நோக்கமே.

மொத்தம் நானூறு சங்கங்களுக்குப் போகவேண்டியது, முன்னோட்டமாக மூன்றுக்குக் கொடுத்தோம். அதில் ஒன்று வெள்ளாங்காடு. இப்போது அங்கிருந்துதான் வருகிறேன். சங்கத்துச் செயலாளர் பெயர் செங்கோடன். ஐம்பது வயது, மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. முதல் நாள் நான் போனபோது அவர் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை. என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டுபோய் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு தனியார் பால் வண்டி நின்றது.

"அவன் தெனமும் அங்கதானுங் நிக்கறான். எங்கிட்ட நூத்திப் பன்னெண்டு பேரு ஊத்தறாங்க. ஒரு நா மிசினு நின்னு டேங்கரு போயிருச்சுன்னு வைங்க, அத்தனை பேரும் ரோட்டத் தாண்டிப் போயிருவாங்க. தாண்டறதுக்குப் பத்தடிதானுங். திலும்பிக் கூட்டியாறதுக்குப் பத்து வருசம் ஆகும்."

நான் அவரிடம், இயந்திரம் நிற்காது, நிற்பது என்பது ஒரு மனித வழக்கம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். புரிந்திருக்காது.

இப்போது அருள்தாஸ் என்று ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இந்த நிரலை எழுதியவன். பெங்களூர் போய்விட்டான், பெங்களூர் அவனுக்குத் தகும். அவன் எழுதியதைத் திறந்து பார்த்தேன். சார், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை சிப்பிடம் போய் "ஆச்சா, ஆச்சா". போலிங். இன்னொன்று. இந்தச் சிப்புக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. அதனிடம் பேச வேண்டுமானால் முதலில் நாற்காலி கேட்க வேண்டும். கொடுத்தால் உட்கார்ந்து பேசலாம். பேசி முடித்ததும் எழுந்துவிட வேண்டும். நாற்காலியில் இல்லாதவன் என்ன கத்தினாலும் அது காதில் வாங்காது. பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இவன் என்ன செய்திருக்கிறான்? காலையில் இயந்திரத்தைப் போட்டதும் நாற்காலியில் உட்காருகிறான், சாயங்காலம் அணைக்கும்வரை எழுந்திருப்பதே இல்லை. மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி.

யாரும் என்னை மாற்றச் சொல்லவில்லை. அதையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மேலாளர் கோதண்டம், "ஓடுது இல்ல ஞானம் சார், விட்டுடுங்களேன்" என்றார். ஓடுகிறது என்பது ஒரு வாதமா சார்? தெருநாயும்தான் ஓடுகிறது.

ஆறு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இன்டரப்டுக்கு மாற்றினேன். சிப் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஒரு தனிக் கம்பி வழியாகக் கூப்பிடும். என் நிரல் எழுந்து வரும், விடையை வாங்கிக்கொள்ளும், உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடும். சுத்தம். இதில் ஒரே ஒரு சடங்கு பாக்கி. சிப் கூப்பிட்டால் அதற்கு "கேட்டுவிட்டது" என்று ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், விடாது. அந்த வார்த்தையைக் கடைசியில் வைத்திருந்தேன். வேலை முதலில், மரியாதை பிறகு. பத்தாயிரம் சீட்டு அடித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தவறவில்லை. அருள்தாஸின் போலிங்கை, ஆபத்துக்கு இருக்கட்டும் என்றுகூட வைக்காமல், மொத்தமாக நீக்கினேன். ஊன்றுகோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பவன் நடப்பதாகவே அர்த்தமில்லை.

ஃபரீதா என்று ஒரு பெண் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறாள். சர்க்யூட் போர்டு அவள் பொறுப்பு. சேர்ந்து நாலு வருடம்தான் ஆகிறது. என் மேஜைக்கு வந்து, "சார், தராசை மாட்டி டெஸ்ட் பண்ணீங்களா? சிப்பும் தராசும் ஒரே ரெண்டு கம்பியிலதான் பேசுது. தராசு பேசிட்டு இருந்தா உங்க வார்த்தை வரிசையில நிக்கும்" என்றாள்.

"தராசு என் கோப்பில் இல்லையேம்மா" என்றேன்.

"பால் ஊத்தறப்ப தராசு இருக்கும் சார்."

இந்த மாதிரிப் பேச்சுக்கு என்ன பதில் சொல்வது? சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். பிறகு இதையே மெயிலாக மூன்று தடவை அனுப்பியிருந்தாள். மூன்றையும் படித்தேன். பதில் போடவில்லை. படித்தாயிற்று என்றால் படித்தாயிற்றுதானே, அதை வேறு உட்கார்ந்து எழுதி அனுப்ப வேண்டுமா?

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள், எடுங்கள், எனக்கொன்றும் இல்லை.

வீட்டிலிருந்தா? நான் போன் எடுப்பதில்லை சார். கொள்கை. வேலையின் நடுவில் ஒருவன் மணியடித்து என்னைக் கூப்பிடுவது எனக்கு ஆகாது. மணியை அணைத்தே வைத்திருப்பேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மாலை ஐந்து மணிக்கு ஒரு தடவை நானே எடுத்துப் பார்ப்பேன், யாராவது கூப்பிட்டார்களா என்று. அதுதான் ஒழுங்கு. இதைச் செங்கோடனிடமும் தெளிவாகச் சொல்லியிருந்தேன்.

சித்திரை மாதம், கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. புது நிரல் போட்டு ஆறு நாள் ஒரு குறையும் இல்லை. ஏழாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் போனை எடுத்துப் பார்த்தால் செங்கோடனிடமிருந்து பதினேழு அழைப்பு. முதல் அழைப்பு ஆறு மணி பத்து நிமிடம். கடைசி அழைப்பு ஏழு இருபது. டேங்கர் கிளம்புவது ஏழேகாலுக்கு.

நேரில் போனேன். இதையும் கவனியுங்கள், யாரும் சொல்லாமல் நானாகவே போனேன். சங்கத்து வாசலில் கேன்கள் வரிசையாக நின்றன. அறுநூற்று நாற்பது லிட்டர். அந்த வெயிலில் கேட்க வேண்டுமா, வாடையே சொல்லிவிட்டது. செங்கோடன் ஒரு கேன் மூடியைத் திறந்து காட்டினார். அவர் மனைவி பெயர் சரஸ்வதி. அந்த அம்மாளும் அங்கே பால் ஊற்றுகிறவர்தான், ஏழாம் எண் உறுப்பினர். அவர்தான் பேசினார்.

"ஏனுங் சார், இந்த மிசினு வாரதுக்கு முன்னால எங்கூட்டுக்காரரு நோட்டுல எழுதிட்டிருந்தாருங். அந்த நோட்டு ஒரு நாளும் பாதியில யோசன பண்ணிட்டு நின்னதில்லீங்."

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "சும்மா இரு சரசு. படிச்சவங்க நெதானமாத்தான் வருவாங்க" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டேன். உடனே ஓடியது. "பார்த்தீர்களா, இவ்வளவுதான், நீங்களே செய்திருக்கலாமே" என்றேன். செங்கோடன், "அதக் கேக்கத்தானுங் பதினேழு வாட்டி அடிச்சேன்" என்றார். எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

இயந்திரத்தின் பதிவேட்டை எடுத்துவந்து படித்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு மேஸ்திரி உண்டு. ஒரு கம்பியில் லட்சம் தடவை அழைப்பு வந்து, அதில் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்தை யாரும் சீண்டவில்லை என்றால், இதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அந்தக் கம்பியையே துண்டித்துவிடுவான். அந்த வரி அங்கே இருந்தது. நேரம் ஆறு மணி ஏழு நிமிடம். கம்பி போனபின் சிப் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? கேட்காது. என் நிரல், கூப்பிடுவார்கள் என்று நம்பி, கண்ணியமாகக் காத்துக்கொண்டு இருந்துவிட்டது. ஒரு குற்றமும் இல்லாத நடத்தை. அது போய் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்கிறார்கள். எட்டிப் பார்ப்பது அதன் வேலை அல்ல.

சிப் ஏன் லட்சம் தடவை கூப்பிட்டது என்பதை அந்த ஃபரீதா இரண்டு நாளில் எழுதிக்கொண்டு வந்தாள். தராசு அந்த இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு பேசியதில் என் "கேட்டுவிட்டது" பின்னால் தங்கிவிட்டதாம். அது போய்ச் சேருவதற்குள் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேனாம். எழுந்தவன் சொன்னது சிப்பின் காதில் விழவில்லை. அதனால் அது மறுபடி கூப்பிட்டது. என் நிரல் போய் என்னவென்று கேட்டது. நாற்காலியில் இல்லாதவனுக்குச் சிப் பதில் சொல்லாது அல்லவா, அதனால் என் நிரல் "இது எனக்கு வந்த அழைப்பு இல்லை" என்று திரும்பிவிட்டது. மறுபடி கூப்பிட்டது. மறுபடி திரும்பிவிட்டது. இப்படி லட்சம்.

அவளுடைய திருத்தம் மொத்தம் ஒன்பது வரி. முதலில் "கேட்டுவிட்டது" சொல், பிறகு நாற்காலியை விடு. இரண்டு செகண்டுக்குள் அழைப்பு வராவிட்டால் நீயே போய்ப் பார். அதாவது போலிங். சுற்றி வளைத்து அருள்தாஸைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யார் திருத்தினாலும், அந்தக் கோப்புக்குப் பொறுப்பானவர் பார்த்துக் கையொப்பம் இட்டால்தான் அது இயந்திரத்துக்குப் போகும். கோப்பு என் பொறுப்பு. நான் பார்த்தேன். மூன்றாவது வரியில் இடம் விட்டிருந்த முறை தவறு. திருப்பி அனுப்பினேன். மாற்றி அனுப்பினாள். விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளி இல்லை. திருப்பி அனுப்பினேன். பிழையைக் கண்டு சொன்னவர் பெயரைத் திருத்தத்தின் கீழே எழுதுவது மரபு. அதில் அவள் என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? செங்கோடன், வெள்ளாங்காடு. ஒரு பால் சங்கத்துச் செயலாளர், சார்! இன்டரப்ட் என்றால் என்னவென்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

"அவர் எதைக் கண்டு சொன்னார்?" என்று கேட்டேன்.

"மெஷின் நிக்குதுன்னு சொன்னாரு சார். பதினேழு தடவை சொன்னாரு."

திருப்பி அனுப்பினேன்.

பதினோரு நாள் ஆயிற்று. தரம் என்று ஒன்று இருக்கிறதே, அவசரப்பட்டால் வருமா? நடுவில் இயந்திரம் இரண்டு தடவை நின்றதாகச் சொன்னார்கள். அணைத்துப் போட்டுச் சமாளித்தார்களாம். பன்னிரண்டாம் நாள் அணைத்துப் போட்டும் நாலாவது கேனில் மறுபடி நின்றது, மறுபடி அணைத்தார்கள், மறுபடி நின்றது. டேங்கர் ஓட்டுகிறவர் பத்து நிமிடம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். வெயில் முன்னைவிட அதிகம்.

அன்று காலை பத்து மணிக்குக் கோதண்டம் எங்கள் இருவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். "ஞானம் சார், இந்த ஒன்பது வரியில தப்பு எதாவது இருக்கா?" என்றார்.

"தப்பு என்பதைத் தாங்கள் எப்படி வரையறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது" என்றேன்.

 கோதண்டம் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, என் பெயர் இருந்த இடத்தில் அவர் கையொப்பத்தை இட்டார். எட்டாம் வகுப்புப் பையன் லீவு லெட்டரில் அப்பா கையெழுத்தைப் போடுவது மாதிரி. ஃபரீதா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பேச வேண்டிய இடத்தில் பேசத் தெரியாது. மாலைக்குள் மூன்று சங்கத்துக்கும் புது நிரல் போய்விட்டது. ஒரு வாரத்தில் அந்தக் கோப்பின் பொறுப்பும் அவளுக்குப் போயிற்று. இப்போது நான் பயனர் கையேடு எழுதுகிறேன். வெள்ளாங்காட்டில் தமிழ்க் கையேடு கேட்டார்களாம்.

இன்று அங்கே சங்கத்துக் கூட்டம். இயந்திரத்தை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கிற கூட்டம். நிறுவனத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துவிட்டு வரும்படி கோதண்டம் என்னை அனுப்பினார். நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் புகார்க் கடிதத்தில் "மிசின் தூங்கிவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். தூங்குவது வேறு, காத்திருப்பது வேறு என்பதை முதல் இரண்டு பக்கத்தில் விளக்கியிருந்தேன். நின்று வாசித்தேன். ஐம்பது பேர் இருப்பார்கள், ஒருவர்கூடக் குறுக்கே பேசவில்லை. அப்படி ஓர் அமைதியை நான் எங்கள் அலுவலகத்தில் கண்டதில்லை.

முடித்ததும் செங்கோடன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாஞ் செரிங் சார். போனை எதுக்குங் எடுக்கல?"

அது இந்த அறிக்கையின் எல்லைக்குள் வராது என்று சொன்னேன். "செரிங்" என்று உட்கார்ந்துவிட்டார். வருத்தம் தெரிவிக்கும் வாக்கியம் நாலாம் பக்கத்தின் அடியில் இருந்தது, அதற்குள் டீ கொண்டுவந்துவிட்டார்கள். கைதூக்கச் சொன்னார்கள். இயந்திரம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஆக, பாருங்கள், கடைசியில் நான் சொன்னபடியே ஆயிற்று. இனி நானூறு சங்கத்துக்கும் போகும். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் செங்கோடன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று வந்துவிட்டேன்.

அதோ அன்னூர் வந்துவிட்டது. டீ குடிப்பதானால் இறங்குங்கள், பத்து நிமிடம் நிற்கும். நான் இறங்கவில்லை, இடம் போய்விடும்.

காலையில் ஆறு மணிக்கே போய் அங்கே பால் ஊற்றுவதையும் நின்று பார்த்தேன். தராசு பேசியது, சிப் பேசியது, மூன்று செகண்டில் சீட்டு வந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, உறுப்பினர் எண்தான். செங்கோடன் வாசலில் நின்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஆறு முடிந்ததும் ஏழு என்றார். சரஸ்வதி அம்மாள் இரண்டு கேனோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனியார் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். செங்கோடன் இன்னொரு தடவை ஏழு என்றார். பிறகு எட்டு என்று கூப்பிட்டார்.